இடது முன்சக்கரத்தின் நாற்றம்

பிப்ரவரி 2, திங்கள் இரவு

அக்கா,

இந்தக் கடிதத்தை நீ கிழித்துப் போடலாம். கிழிப்பதற்கு முன் ஒரு முறை படித்துவிடு. கொசுதான் எழுதுகிறேன்.

குளியலறையில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருக்கிறேன். யாராவது கதவைத் தட்டினால் வயிற்றுவலி என்று சொல்லிவிடுவேன். அம்மாவின் போனை அப்பா இரவில் வாங்கித் தன் தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்கிறார். அதனால் கடிதம். நீ அம்மாவுக்கு அனுப்பிய முழங்கால் பட்டையை அப்பா பிரித்துக்கூடப் பார்க்காமல் குப்பையில் போட்டார். அட்டைப்பெட்டியில் இருந்த உன் பஸ் பணிமனை முகவரியை மட்டும் நான் கிழித்து எடுத்துக்கொண்டேன்.

விஷயம் வண்டியைப் பற்றியது. கோபப்படாதே.

வண்டி இன்னும் கோழிக்கடைக் கழிவுதான் ஏற்றுகிறது. விடியற்காலையில் பன்னிரண்டு டிரம். குடல், தலை, இறகு, தண்ணீராகப் போன ரத்தம். ஊருக்கு வெளியே கிடங்கில் கொட்டிவிட்டு வரும் வழியில் அப்பா என்னைப் பள்ளியில் இறக்கிவிடுகிறார். வகுப்பில் எனக்குப் பெயர் "குடல் வண்டி". என் பெஞ்சில் நான் மட்டும்தான். அது பழகிவிட்டது. அந்த நாற்றம் எனக்கு இப்போது நாற்றமாகவே தெரிவதில்லை. அதனால்தான் அதற்கு அடியில் இருக்கும் இன்னொரு நாற்றம் எனக்கு மட்டும் தெரிகிறது. இஸ்திரிப் பெட்டியை நைலான் துணிமேல் மறந்து வைத்தால் வருமே, அது. என் காலுக்குக் கீழே, இடது பக்கத்திலிருந்து வருகிறது.

போன ஏப்ரலில் வந்ததும் இதே நாற்றம்தான் அக்கா. பாலத்து இறக்கத்துக்கு முன்னால் வந்தது. அதற்குப் பிறகு அப்பா மிதித்த பிரேக் பெடல் தரைக்குப் போய், வண்டி பாலச் சுவரில் மோதி, அம்மாவின் கால் முறிந்தது. அப்புறம் அப்பா ஆயிலை மட்டும் ஊற்றி நிரப்பிவிட்டு, பிரேக் சரியாகிவிட்டது என்று சொல்லிவிட்டார். நான் பின்னால் டிரம்முக்கு நடுவில் உட்கார்ந்திருந்தேன். என் தலையில் கொட்டியது எதுவென்று எனக்குத் தெரியும். எழுத மாட்டேன்.

அப்பாவிடம் சொன்னேன். "அப்பா, கருகுற நாத்தம் அடிக்குதுப்பா."

"கோழிக்குடல் வண்டியில வேற என்ன, மல்லிப்பூ வாசமா அடிக்கும்?"

மார்ச் முதல் தேதி, ஞாயிற்றுக்கிழமை, மாமா வீடு மாறுகிறார். அப்பா வண்டியைக் கொடுப்பதாகச் சொல்லிவிட்டார். மாமாதான் ஓட்டுவார். அம்மா முன்னால். அத்தையும் இரண்டு பிள்ளைகளும் பின்னால், சாமான் மேல். புது வீடு பாலத்துக்கு அந்தப் பக்கம்.

எனக்குப் பயமாக இருக்கிறது. என்ன பார்க்க வேண்டும், எப்படிப் பார்க்க வேண்டும் என்று மட்டும் எழுது. பள்ளி நூலகர் பெயருக்கு அனுப்பு. அவர் கேள்வி கேட்காத ஆள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வேண்டாம், இப்போது இல்லை.

கொசு

•

பிப்ரவரி 6, வெள்ளி

கொசுவே,

கிழிக்கவில்லை. "அந்த வண்டியைப் பற்றி எனக்கு எழுதாதே" என்று ஒரு கடிதம் எழுதினேன். அதைத்தான் கிழித்தேன்.

அம்மாவின் கால் எப்படி இருக்கிறது என்று ஒரு வரி உன்னால் எழுத முடியவில்லை. டிரம்மில் என்ன இருக்கிறது என்று மட்டும் பட்டியல் போட்டிருக்கிறாய். சாப்பாட்டுக்கு முன்னால் பிரித்துத் தொலைத்தேன்.

உனக்கு ஒன்று சொல்கிறேன், யாரிடமும் சொல்லாதது. ஆஸ்பத்திரி வராந்தாவில் அத்தனை பேருக்கு முன்னால் அந்த மனிதர், உன் அப்பா, என்னைக் கை நீட்டி, "எட்டு நாளைக்கு முன்னாடி பிரேக் பேட் மாத்துனது இவதான், கேளுங்க இவள"ன்னு சொன்னாரே, அன்றைக்கு நான் ஏன் ஒரு வார்த்தை பேசவில்லை தெரியுமா? எனக்கே சந்தேகம்.

சக்கரத்தோடு சுற்றும் டிஸ்கைப் பேட் இரண்டு பக்கமும் கவ்வினால் வண்டி நிற்கும். பெடலை விட்டால் பேட் விலக வேண்டும். பேட்டைப் பிடித்திருக்கும் கவ்வி, அதுதான் காலிப்பர், இரண்டு பின்கள் மேல் வழுக்கி நகர்கிறது. பின்னுக்குக் கிரீஸ் வைக்காவிட்டால் இறுகிப்போகும். பேட் விலகாது. உரசிக்கொண்டே ஓடும், சூடேறும், கடைசியில் பிரேக் ஆயில் கொதிக்கும். கொதித்தால் பெடலில் ஒன்றும் இருக்காது. மேல் பின்னுக்குக் கிரீஸ் வைத்தது எனக்கு நினைவிருக்கிறது. கீழ்ப் பின்னுக்கு வைக்கப் போகும்போது அம்மா கூப்பிட்டாள், எழுந்து போனேன். திரும்பி வந்து வைத்தேனா? பத்து மாதமாக அந்த ஒரு நிமிடத்தைத் தேடுகிறேன். இங்கே பஸ்ஸுக்கு ஒவ்வொரு பின்னையும் மூன்று முறை கழற்றிப் பார்க்கிறேன். கூட வேலை செய்கிறவர்கள், "என்ன ஸ்பேனர், பின்னுக்குப் பொட்டு வச்சுப் பூ வைக்கிறியா"ன்னு கேட்கிறார்கள். எனக்கு என் கையைப் பார்த்தாலே குமட்டுகிறது.

சரி. இரண்டு வேலை செய். ஒன்று: வண்டி வீட்டுக்கு வந்து நின்ற உடனே, நான்கு சக்கரத்தின் நடுவிலும் ஒரு கை தண்ணீர் தெளி. தொடாதே, தோல் போய்விடும். எது சுர்ரென்கிறது என்று பார். இரண்டு: சூடு ஆறியபின் சமதரையில் பின்சக்கரத்துக்குக் கல் கொடுத்து, முன்பக்கத்தை ஒவ்வொன்றாக ஜாக்கியில் தூக்கு. மரக்கட்டையும் வை. பெடலை ஒரு முறை அழுத்திவிட்டு வந்து சக்கரத்தைக் கையால் சுற்று. வண்டிக்கு அடியில் தலையைக்கூட விடாதே. விட்டாயென்று தெரிந்தால் நானே வந்து ஜாக்கியை எடுத்துவிடுவேன்.

அக்கா

•

பிப்ரவரி 15, ஞாயிறு இரவு

அக்கா,

அம்மாவின் கால்: முட்டி முழுதாக மடங்குவதில்லை. கோல் வைத்து நடக்கிறாள். அவள் வரும் சத்தம் இப்போது மூன்று சத்தம். உன்னைப் பற்றிக் கேட்பதில்லை. ஆனால் நீ விட்டுப்போன வேலைச் சட்டையைத் துவைத்துத் துவைத்து வைக்கிறாள். யாரும் போடாத சட்டைக்கு அழுக்கு எப்படி வரும் என்று அப்பா கேட்டார். அவள் இன்னொரு முறை அலசினாள்.

ஞாயிற்றுக்கிழமை வண்டி கழுவுவது நீ போனதிலிருந்து என் வேலை. நீ சொல்லவே இல்லையே, தரைப்பலகை இடுக்கில் இவ்வளவு இருக்கும் என்று. குச்சியால் நோண்டினால் வந்துகொண்டே இருக்கிறது. இன்று ஒரு கோழித்தலை, கண் திறந்தபடி. அதுவும் நானும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டோம்.

அப்பா வந்து இறங்கியதும் தண்ணீர் தெளித்தேன். பின்சக்கரம் இரண்டும் சும்மா நனைந்தன. வலது முன்சக்கரம் மெதுவாகக் காய்ந்தது. இடது முன்சக்கரத்தில் தோசைக்கல்லில் விழுந்த மாதிரி சுர்ரென்று ஆவி வந்தது. அந்த நாற்றமும் வந்தது, முகத்துக்கு நேராக. வாந்தி எடுத்தேன். வண்டி கழுவும் இடத்தில் வாந்தி எடுத்தால் ஒரு வசதி, யாருக்கும் தெரியாது.

மதியம் அப்பா தூங்கியபின் ஜாக்கி வைத்தேன். கல், கட்டை எல்லாம் வைத்தேன். வலது சக்கரம் ஒரு தள்ளில் மூன்று சுற்று போனது. இடது பக்கம் பெடலை அழுத்துவதற்கு முன் கொஞ்சம் உரசிக்கொண்டு சுற்றியது. அழுத்திவிட்டு வந்தபின் அசையவில்லை. இரண்டு கையாலும் தொங்கினேன், அசையவில்லை. அங்கேயே உட்கார்ந்து எண்ணினேன். நானூறு எண்ணும்போது லேசாக விட்டது. அறுநூறில் சுற்றியது. மறுபடி அழுத்தினேன், மறுபடி அதே.

அப்போது அப்பா வெளியே வந்துவிட்டார்.

"என்னடி பண்ற அங்க, ஜாக்கியெல்லாம் போட்டுக்கிட்டு?"

"சக்கரத்துல குடல் சுத்திக்கிச்சுப்பா. எடுக்கறேன்."

அவர் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார். தினமும் பன்னிரண்டு டிரம் ஏற்றுகிற ஆள்! வீட்டில் மட்டும் மூக்கு இருக்கிறது. கட்டையை எடுக்கும்போது விரல் நசுங்கியது. கத்தவில்லை.

பின்தான் காரணமா அக்கா? நீ வைக்காத கிரீஸா? அப்படி இருந்தாலும் நான் யாரிடமும் சொல்ல மாட்டேன்.

கொசு

•

பிப்ரவரி 18, புதன்

கொசுவே,

உன் கடிதத்தைப் பணிமனையில், பஸ்ஸுக்கடியில் படுத்துக்கொண்டு படித்தேன். நானூறு என்று நீ எழுதிய இடத்தில் எழுந்து உட்காரப் போய் மண்டையை இடித்துக்கொண்டேன். இன்னும் புடைத்திருக்கிறது.

காலிப்பர் பின் இறுகினால் இறுகினதுதான். நீ நானூறு எண்ணுகிறாய் என்று அதற்கு இரக்கம் வராது. மெதுவாக விடுகிறது என்றால், உள்ளே அழுத்தம் மாட்டிக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து வெளியேறுகிறது. ஆனால் நானே நீதிபதியாக இருந்து என்னையே விடுதலை செய்துகொள்ள முடியாது. நிச்சயமாகத் தெரிய வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை மறுபடி ஜாக்கி வை. ஸ்டியரிங்கை ஒரு பக்கமாக முழுதும் திருப்பிக்கொள், வெளியே நின்றே எல்லாம் தெரியும். பெடலை அழுத்து, சக்கரம் பிடித்துக்கொள்ளட்டும். காலிப்பருக்குப் பின்னால், ரப்பர் தொப்பி போட்டு ஒரு சின்ன நிப்பிள் இருக்கும். தொப்பியை எடுத்து, ஒரு ட்யூபை மாட்டி, மறுமுனையைப் பாட்டிலில் விடு. சின்ன ஸ்பேனரால் கால் சுற்று, அதற்கு மேல் வேண்டாம். ஆயில் பீச்சிக்கொண்டு வந்து சக்கரம் உடனே விட்டால் அழுத்தம்தான் காரணம். ஆயில் வந்த பிறகும் பிடித்துக்கொண்டே இருந்தால் பின்தான் காரணம். அதாவது நான். உடனே நிப்பிளை இறுக்கு. ஆயில் கண்ணில் படக் கூடாது. மேலே டப்பாவில் ஆயில் குறைந்திருந்தால் அளவுக் கோடு வரை ஊற்று.

அழுத்தம்தான் என்றால், பெடலை மிதித்தால் ஆயிலைத் தள்ளிவிடும் மாஸ்டர் சிலிண்டர் காரணமாக இருக்க முடியாது. இந்த வண்டியில் முன்சக்கரம் இரண்டுக்கும் ஒரே வழி. அம்மா ஒருத்தி கோபப்பட்டால் பிள்ளைகள் இரண்டுக்கும்தான் அடி விழும், ஒன்றுக்கு மட்டும் விழாது. வலது சும்மா சுற்றுகிறது என்றாயே. அப்படியென்றால் இடது பக்கத்துக்கு மட்டும் ஆயில் கொண்டுபோகும் ரப்பர் ஹோஸ்தான் மிச்சம். காலின் பலத்தில் ஆயில் உள்ளே போகிறது, திரும்பி வரப் பலம் இல்லை, அங்கேயே அடைத்துக்கொள்கிறது.

ரப்பர் ஹோஸ் தானாகவும் கெடும். ஆனால் அது புது ஹோஸ், இரண்டு வருடம்கூட ஆகவில்லை. புதுசு கெட வேண்டுமென்றால் யாராவது நெரித்திருக்க வேண்டும். கவ்விப் பூட்டிக்கொள்ளும் அந்தப் பெரிய பிளையரால் ஹோஸை நெரித்தால் வெளியே லேசான தடம்தான் தெரியும், உள்தோல் கிழிந்து தொங்கும். "ஹோஸ்ல பிளையர் போடாதீங்க, போடாதீங்க"ன்னு அந்த மனிதரிடம் எத்தனை முறை கத்தியிருக்கிறேன், உனக்கே தெரியும். பேட் மாற்ற ஹோஸைத் தொடவே வேண்டியதில்லை. நான் தொடவில்லை.

டார்ச் அடித்து ஹோஸை முழுதும் பார். தடம் இருந்தால் எப்படி இருக்கிறதோ அப்படியே வரைந்து அனுப்பு.

அக்கா

•

பிப்ரவரி 22, ஞாயிறு இரவு

அக்கா,

கால் சுற்றுகூட ஆகவில்லை, பீச்சியது. ட்யூபைத் தாண்டி என் கையெல்லாம். கறுப்பாக, பழைய சாக்கடை மாதிரி ஆயில். சக்கரத்தைத் தொட்டேன், சுற்றியது. சும்மா, சிரித்துக்கொண்டு சுற்றுகிற மாதிரி. நிப்பிளை உடனே இறுக்கினேன்.

நீ இல்லை அக்கா. கீழ்ப் பின்னையும் பார்த்தேன், அதன் ரப்பர் உறையை விலக்கி. உள்ளே கிரீஸ் இருக்கிறது. மஞ்சளாக, நிறைய. நீ வைத்திருக்கிறாய்.

ஹோஸில் தடம் இருக்கிறது. நடுவில், இரண்டு பக்கமும், எலி கடித்த மாதிரி வரிசையாக. கீழே வரைந்திருக்கிறேன். ஒரு பக்கத்தில் ஏழு பல். இன்னொரு பக்கத்தில் மூன்று பல், பிறகு ஒரு இடைவெளி, பிறகு மூன்று பல். ஒரு பல் உடைந்த பிளையர் யாருடையது என்று உனக்குத் தெரியும்.

எனக்கும் தெரியும். எனக்கு டார்ச் அடித்துப் பார்க்காமலேயே தெரியும். ஏனென்றால் அன்றைக்கும் டார்ச் பிடித்தது நான்தான்.

இதைத்தான் முதல் கடிதத்தில் சொல்லாமல் விட்டேன். இரண்டாவது கடிதத்திலும் விட்டேன். நீ பின்னைப் பற்றி எழுதியபோது, "இல்லை அக்கா, இன்னொன்று நடந்தது" என்று எழுதியிருக்கலாம். அதற்குப் பதிலாக, நான் யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று பெரிய மனுஷி மாதிரி எழுதினேன்.

விபத்துக்கு இரண்டு நாள் முன்னால். உனக்குப் பரீட்சை, நீ வெளியூரில் இருந்தாய். ஹோஸ் காலிப்பரில் சேரும் இடத்தில் ஆயில் கசிந்தது. அப்பா அங்கே இருக்கும் செம்பு வாஷரை மாற்றப் போனார். ஆயில் ஒழுகாமல் இருக்க ஹோஸைப் பிளையரால் கவ்விப் பூட்டினார். வாஷர் அளவு சரியில்லை என்று கடைக்குப் போனார், வந்தார், டீ குடித்தார், யாருடனோ போனில் சண்டை போட்டார். மதியத்திலிருந்து இருட்டும்வரை பிளையர் ஹோஸைக் கவ்விக்கொண்டு தொங்கியது. வேலை முடிந்ததும் என்னைப் பார்த்து, "அக்காகிட்ட சொல்லாத. ஊரையே கூட்டிடுவா" என்றார். நான் சிரித்தேன். எங்களுக்குள் ரகசியம் என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

ஆஸ்பத்திரியில் அவர் உன்னைக் கை நீட்டியபோது நான் அவருக்குப் பின்னால் நின்றேன். அவர் திரும்பி என்னைப் பார்த்தார், ஒரே ஒரு முறை. பிறகு என்னைக் கேன்டீனுக்குக் கூட்டிப் போய் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தார். அம்மா உள்ளே கத்திக்கொண்டிருந்தாள். நீ வெளியே பஸ்ஸுக்கு நடந்துகொண்டிருந்தாய். நான் ஐஸ்கிரீம் தின்றேன். உருகி முழங்கைக்கு வழிந்தது, அதையும் நக்கினேன். இன்னொன்று வேண்டுமா என்று கேட்டார். தலையை ஆட்டினேன் அக்கா. இன்னொன்றும் தின்றேன்.

டிரம்மில் இருப்பதைவிட நாறுவது நான்தான்.

ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் ஏழு நாள். யாரிடமாவது நீ சொல்லிவிடு. நான் சொன்னால் அப்பா என்னை என்ன செய்வார் என்று தெரியவில்லை.

கொசு

•

பிப்ரவரி 25, புதன்

உன்னை என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. அதனால் அதைப் பற்றி எழுதப்போவதில்லை.

நேற்று மாமாவுக்குப் போன் செய்தேன். வண்டியை எடுக்காதீங்க, இடது பக்க ஹோஸ் போயிருக்கு, இறக்கத்தில் பிரேக் இருக்காது என்றேன். அவர் சொன்னது:

"உன் கைவேலையால எங்க அக்காவுக்கு ஒரு கால் போச்சு. இப்ப வாய்வேலையா? போனை வைம்மா."

வைத்துவிட்டார். மறுபடி செய்தேன், எடுக்கவில்லை. அத்தை எண்ணுக்கும் செய்தேன். அம்மா எண்ணுக்குச் செய்தேன், எடுத்தது அந்த மனிதர். இரண்டு பேரும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தோம், பிறகு நான் வைத்துவிட்டேன். அந்த மூச்சிலேயே பொய் நாற்றம்.

என் பேச்சுக்கு அந்த வீட்டில் மதிப்பில்லை. ஏன் இல்லை என்று உனக்குத் தெரியும். ஒரு ஹோஸ், ஒரு பிளையர், ஒரு டார்ச். இதில் பேசக்கூடியது டார்ச் பிடித்தவள் மட்டும்தான்.

அவரிடம் தனியாகச் சொல்லாதே. மாமாவிடமும் தனியாகச் சொல்லாதே. அம்மா காதில் விழும்படி, எல்லோரும் இருக்கும்போது சொல். வண்டி கிளம்புவதற்கு முன் சொல். டயரில் காற்றை இறக்குவது, சாவியை ஒளிப்பது மாதிரி பள்ளிக்கூட வேலையெல்லாம் செய்யாதே. ஒரு நாள் தள்ளிப்போகும், அவ்வளவுதான். அதற்கு அடுத்த நாள் அதே வண்டியில் அம்மா உட்காருவாள்.

பயமாக இருக்கும். இருக்கட்டும்.

•

மார்ச் 3, செவ்வாய் இரவு

அக்கா,

ஞாயிற்றுக்கிழமை ஏழு மணிக்கே மாமா வந்துவிட்டார். சாமானும் பிள்ளைகளும் அவர் வீட்டு வாசலில் காத்திருந்தார்கள். அத்தை மட்டும் கூட வந்து, நான் சனிக்கிழமையே சோப்புப் போட்டு மூன்று முறை கழுவிய வண்டியை மோந்து பார்த்தாள். "இதுல என் மெத்தைய ஏத்துனா அப்புறம் நான் கோழி கனவுதான் காணணும்" என்றாள். மாமா, "சும்மா கிடைக்கிற வண்டிக்கு செண்ட் வேற அடிக்கணுமா" என்றார். அம்மா கோலோடு வந்து முன் இருக்கையில் ஏறப் போனாள். அப்பா சாவியை மாமா கையில் கொடுத்தார்.

நான் அம்மாவின் கோலைப் பிடித்துக்கொண்டேன். அம்மா, "விடுடி, விழுந்துடுவேன்" என்றாள்.

"ஏறாதம்மா. பிரேக் போயிருக்கு. அக்கா பண்ணல. அப்பாதான் ஹோஸ்ல பிளையர் போட்டாரு. நான்தான் டார்ச் பிடிச்சேன்."

இவ்வளவையும் ஒரே மூச்சில் சொன்னேன். அவ்வளவு பயத்திலும், மனப்பாடம் பண்ணிய பதில் மாதிரி இருந்தது.

அப்பா சிரித்தார். "எட்டாங்கிளாஸ் மெக்கானிக். ஸ்பேனர் எந்தப் பக்கம் பிடிக்கணும்னு தெரியுமா இவளுக்கு? யாரு எழுதிக் கொடுத்தான்னு எனக்குத் தெரியாதா?"

நான் கருவிப் பெட்டியைத் திறந்து பிளையரை எடுத்தேன். ஸ்டியரிங்கை முழுதும் திருப்பினேன். ஹோஸ் வெளியே தெரிந்தது. தடத்தின் மேல் பிளையரை வைத்தேன், அழுத்தாமல், சும்மா. ஒவ்வொரு பல்லும் அதனதன் இடத்தில் உட்கார்ந்தது. உடைந்த பல்லுக்கு நேராக ஹோஸ் வழவழவென்று இருந்தது. மாமா குனிந்து பார்த்தார். ஒவ்வொரு தடத்தையும் விரலால் தொட்டு எண்ணினார்.

அம்மாவால் குனிய முடியாது. அவள் வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்பாவிடம்தான் கேட்டாள்.

"இவ சொல்றது நெசமா?"

"ரெண்டு நிமிஷம்தான் போட்டேன். ரெண்டு நிமிஷத்துல ஒண்ணும் ஆகாது. ஊர்ல எல்லாரும் போடறதுதான்."

அவர் சொல்லி முடித்தபிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே தெரிந்தது. அத்தை வாயில் கை வைத்தாள். நான், "மதியத்துலேர்ந்து இருட்டுற வரைக்கும்" என்றேன். என்னை அடிக்கக் கை ஓங்கினார். அம்மா கோலைக் குறுக்கே நீட்டினாள். அடிக்கவில்லை, நீட்டினாள், அவ்வளவுதான். கோல் இல்லாமல் அவள் நின்றதை நான் பத்து மாதத்தில் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"பெத்த பொண்ண ஆஸ்பத்திரி வாசல்ல வச்சு வித்துட்டியே. கால் போனதுக்குக்கூட நான் உன்ன ஒண்ணும் கேக்கல" என்றாள். பிறகு மாமாவிடம், "சாவியைக் கொடு" என்றாள். வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். மாமா வேறு வண்டி பிடிக்கப் போனார். போகும்போது அப்பாவைப் பார்த்துத் துப்பினார். மேலே படவில்லை, காலுக்குப் பக்கத்தில் விழுந்தது. அப்பா அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

நேற்று மாமா ஒரு மெக்கானிக்கைக் கூட்டி வந்து இரண்டு பக்கமும் புது ஹோஸ், புது ஆயில் போட வைத்தார். இன்று தண்ணீர் தெளித்துப் பார்த்தேன். இரண்டும் ஒரே மாதிரி காய்ந்தன. அப்பா டிரம் ஏற்றுகிறார், கொட்டுகிறார், வருகிறார். அவர் சாப்பிட்ட தட்டை அவரே கழுவுகிறார், யாரும் கழுவுவதில்லை என்பதால். என்னோடு பேசுவதில்லை. இன்று பள்ளியில் இறக்கிவிட்டபோது பத்து ரூபாயை நீட்டி, "ஏதாவது வாங்கித் தின்னு" என்றார். வாங்கவில்லை. கையை நீட்டியபடியே இருந்தார். எனக்கு அவரைப் பார்க்கவும் அருவருப்பாக இருந்தது, அழுகையும் வந்தது.

என்னிடம் அம்மா ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

பழைய ஹோஸை மெக்கானிக்கிடம் கேட்டு வாங்கினேன். இதோடு அனுப்புகிறேன். ஒரு முனையில் ஊது, காற்று போகும். மறுமுனையில் ஊது, போகாது. நான் ஊதிப் பார்த்தேன். மண்ணெண்ணெயும் கசப்பும் கலந்த மாதிரி ஒரு சுவை. நான்கு முறை வாய் கொப்பளித்தும் போகவில்லை. பரவாயில்லை, அது இருக்கட்டும்.

கொசு

•

மார்ச் 6, வெள்ளி

எருமையே,

பிரேக் ஆயிலை வாயில் வைக்கச் சொன்னது யார்? அது விஷம். வயிறு வலித்தால், இந்த முறையாவது நிஜமாக, அம்மாவிடம் சொல்.

ஹோஸ் வந்தது. நான் காற்றுக் குழாய் வைத்துப் பார்த்தேன். நீ சொன்னது சரி. பிளேடால் நெடுக்காகக் கிழித்தேன். உள்தோல் ஒரு நாக்கு மாதிரி கிழிந்து தொங்குகிறது. போகிற வழியில் படுத்துக்கொள்கிறது, வருகிற வழியில் எழுந்து அடைக்கிறது. கூட வேலை செய்கிறவர்கள் எல்லோரும் வந்து பார்த்தார்கள். "யாரு வண்டி ஸ்பேனர்?" என்று கேட்டார்கள். "எங்க வீட்டு வண்டி" என்றேன். பத்து மாதத்தில் அந்த வார்த்தை முதல் முறையாக வாயில் வந்தது.

அம்மா நேற்று போன் செய்தாள், அவள் போனிலிருந்தே. இரண்டு பேரும் அழவில்லை. "சட்டை துவைச்சு வச்சிருக்கேன்" என்றாள். ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன்.

அவரிடம் எனக்குப் பேச்சில்லை. உன்னிடமும் கொஞ்ச நாள் பேச மாட்டேன். அந்த இரண்டாவது ஐஸ்கிரீமை என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை. எவ்வளவு நாள் ஆகும் என்று கேட்காதே, எனக்கே தெரியாது. நீ நானூறு எண்ணிய மாதிரி எண்ணிக்கொண்டிரு.

வண்டியை நான் வரும்வரை கழுவாதே. அந்தத் தரைப்பலகை இடுக்கைக் குச்சியால் நோண்டினால் வராது. பலகையையே கழற்ற வேண்டும். அதற்கு இரண்டு பேர் வேண்டும்.

அக்கா